கொழும்பில் இருந்துகொண்டு வயலுக்கு ரோபோ வாங்கலாமா?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று கொழும்பில் குடியிருந்து, வயலை மட்டும் கிளிநொச்சியிலோ மன்னாரிலோ மட்டக்களப்புப் படுவான்கரையிலோ வைத்திருக்கும் குடும்பங்கள் பல. அவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். மருந்தடிக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைக்கிற பொடியனும் மத்திய கிழக்குக்கோ கொரியாவுக்கோ போக நாள் பார்த்துக்கொண்டிருக்கிறான். வெளிநாட்டில் இருக்கும் மகனோ மருமகனோ "ஒரு ட்ரோன் எடுத்துத் தாறன், நீங்கள் போனிலேயே வயலைப் பாருங்கோ" என்கிறார். வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? இல்லை, அந்தக் காசை உழவு இயந்திரத்துக்கோ தண்ணீருக்கோ போடுவதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் இருக்கும் காணிக்காரர், வயலை மட்டப்படுத்துவது போன்ற, நிலத்தோடு கிடக்கப்போகிற வேலைக்கு முதலில் காசு போடவேண்டும். பறக்கிறதையும் ஓடுகிறதையும் வாடகைக்கு எடுக்கவேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு, அது ட்ரோன் பகுதியில் வரும்.

## எதை வைத்து அளப்பது

விலையிலிருந்து தொடங்கினால் பிழைத்துவிடும். ரூபாயும் இறக்குமதி வரியும் மாறமாற விலைப்பட்டியல் மாறும். கீழே உள்ள கேள்விகள் மாறாது.

முதலாவது, வயலில் நிற்கப்போகிறவர் யார்? தானாக இயங்கும் இயந்திரம் என்றாலும் பக்கத்தில் ஒருவர் வேண்டும். ட்ரோன் போட்டுக்கொடுத்த பாதையில் தானே பறக்கும், தானே திரும்பி வரும். ஆனால் மருந்தைக் கலப்பது, தாங்கியை நிரப்புவது, பற்றரி மாற்றுவது, ஜெனரேற்றரை ஓடவிடுவது, வரம்போரம் மாடு மேய்க்கிறவரைத் தள்ளிப் போகச் சொல்வது எல்லாம் மனிதர் வேலை. 2022 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் ஜோன் டியர் நிறுவனம் ஓட்டுநர் இல்லாத 8ஆர் உழவு இயந்திரத்தைக் காட்டியது. அதையும் ஒருவர் வயலுக்குக் கொண்டுபோய் விடவேண்டும். கமராவுக்குச் சந்தேகமாக ஏதாவது பட்டால் அது நின்றுவிடும், மேலே என்ன செய்வது என்று மனிதர் சொல்லவேண்டும். அமெரிக்காவின் பெரிய பண்ணைகளுக்கே நிலைமை இதுதான்.

இரண்டாவது, வயலின் வடிவமும் விதைப்பு முறையும். மூன்றாவது, அந்த இயந்திரத்துக்கு வருடத்தில் எத்தனை நாள் வேலை? நான்காவது, பழுதானால் யார் திருத்துவார், சாமான் எங்கிருந்து வரும்? ஐந்தாவது, அனுமதி.

ஆறாவதை வெளிநாட்டுக் கட்டுரைகளில் காணமாட்டீர்கள், இலங்கையில் அதை மறக்க முடியாது. கொள்கை தலைகீழானால் இந்த இயந்திரம் என்ன ஆகும்? 2015இல் கிளைபோசேற் களைநாசினி தடைசெய்யப்பட்டது, 2022இல் தடை நீங்கியது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி நின்றது, அந்த வருட முடிவுக்குள் அந்த முடிவு கைவிடப்பட்டது. அதற்கிடையில் நெல்லுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2022இல் டீசல் வரிசையில் கிடந்தவர்களுக்கு ஜெனரேற்றரை நம்பும் இயந்திரத்தின் கதி தெரியும்.

## சொந்த ட்ரோன்

உழவனின் ஆசைக்கு மிக அருகில் வருவது இதுதான், மறுக்கவில்லை. வயலில் ட்ரோன் புது விஷயமும் அல்ல. யப்பானில் யமஹா நிறுவனம் 1980களின் கடைசியிலேயே ஆளில்லா ஹெலிகொப்ரரால் நெல்வயலுக்கு மருந்தடிக்கத் தொடங்கிவிட்டது. சேற்றில் இறங்க வேண்டியதில்லை, பயிர் மிதிபடாது, முதுகில் தாங்கியைச் சுமந்து மருந்தை மூக்கால் இழுக்கத் தேவையில்லை. கடைசியாகச் சொன்ன ஒரு காரணத்துக்காகவே ட்ரோன் வரவேண்டும் என்பேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். உங்களிடம் 15 ஏக்கர் இருக்கிறது, காலபோகம் சிறுபோகம் இரண்டும் முழுக்கச் செய்கிறீர்கள் என்று வைப்போம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகப் பங்கு முழுக்கக் கிடைப்பது அபூர்வம், இருந்தாலும் வைத்துக்கொள்வோம். களைநாசினி, பூச்சி மருந்து, பூஞ்சண மருந்து என்று போகத்துக்கு 5 தடவை பறக்கிறது. 15 ஏக்கர், 5 தடவை, 2 போகம்: வருடத்துக்கு 150 ஏக்கர் வேலை. நாளுக்கு 20 ஏக்கர் என்று குறைத்துப் போட்டாலும் 8 நாளில் முடிந்துவிடும். மற்ற நாளெல்லாம் அது அறைக்குள் கிடக்கும்.

சும்மா கிடந்தாலும் செலவுதான். இந்த ட்ரோன்களின் லித்தியம் பற்றரியை முழுச் சார்ஜில் வைத்தாலும், வெறுமையாக வைத்தாலும் ஆயுள் குறையும். பாதியளவு சார்ஜில், வெக்கை இல்லாத இடத்தில் வைக்கவேண்டும். சித்திரை வைகாசியில் தகரக்கூரை போட்ட களஞ்சிய அறைக்குள் என்ன வெக்கை இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பற்றரியும் போதாது. முழுச் சுமையோடு இவை பறப்பது 10 நிமிடத்துக்கும் குறைவு. ஆகவே இரண்டு மூன்று பற்றரி, விரைவாகச் சார்ஜ் ஏற்ற ஜெனரேற்றர், இவற்றையெல்லாம் வயலுக்குக் கொண்டுபோக ஒரு வாகனம். விலைப்பட்டியலில் முதலில் கண்ணில் படும் தொகைக்குள் இவையெல்லாம் அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது காற்று. முதுகுத் தாங்கி 16 லீற்றர் கொள்ளும், ஏக்கருக்கு எட்டுப் பத்துத் தாங்கி போகும். ட்ரோன் அதே ஏக்கரைச் சுமார் 10 லீற்றரில் முடிக்கும். அதே அளவு மருந்து பத்திலொரு பங்குக்கும் குறைந்த தண்ணீரில் இருந்தால் செறிவு எவ்வளவு கூடும் என்று நினைத்துப் பாருங்கள். சிறிய துளி, செறிந்த மருந்து, மேலே இருந்து விழுகிறது. எம்சிபிஏ போன்ற, அகன்ற இலைச் செடிகளை அழிக்கும் களைநாசினி காற்றில் பக்கத்துக் காணிக்குப் போனால் நெல்லுக்கு ஒன்றும் ஆகாது. அங்கே இருக்கும் பயறும் மிளகாயும் கத்தரியும் சுருண்டுவிடும். சிறுபோகத்தில் சோளகம் வீசத் தொடங்கினால் பாதுகாப்பாக அடிக்கக்கூடிய நேரம் விடியப்புறம் கொஞ்சம்தான்.

எல்லாப் பூச்சிக்கும் இது ஒரே மாதிரி வேலை செய்யாது என்பதும் தெரிந்திருக்கட்டும். அறக்கொட்டி நெல்லின் அடித்தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருக்கும். அடர்ந்த பயிரில் மேலேயிருந்து விழும் குறைந்த தண்ணீர் அவ்வளவு கீழே போய்ச் சேருமா என்பது பறக்கும் உயரம், வேகம், விசிறிக் காற்று மூன்றையும் பொறுத்தது. இலைமேல் இருக்கும் நோய்க்கு ட்ரோன் நல்லது. அடித்தூருக்கு அனுபவமுள்ள கை வேண்டும்.

அனுமதியும் இருக்கிறது. சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பதிய வேண்டும், பாதுகாப்பு அமைச்சின் பக்கமும் பார்க்க வேண்டும். பலாலி விமான நிலையத்துக்கு அருகில் வலிகாமம் வடக்கில் காணி இருந்தாலோ, வயலுக்குப் பக்கத்தில் முகாம் இருந்தாலோ, வாங்குவதற்கு முன்பே எழுத்தில் விசாரியுங்கள்.

எப்போது சொந்தமாக வாங்கலாம்? இதுதான் நான் சொன்ன விதிவிலக்கு. ஊரிலேயே இருக்கும், வெளிநாடு போகும் எண்ணம் இல்லாத ஒரு மருமகனோ பெறாமகளோ உண்டு. அவர் பயிற்சி எடுத்து, சுற்றியுள்ள வயல்களுக்கும் கூலிக்கு அடிக்கத் தயார். கமக்காரர் அமைப்பு வழியாகப் பக்கத்துக் காணிகளும் சேர்கின்றன. அப்படியென்றால் வாங்கலாம். ஆனால் அப்போது நீங்கள் வயலுக்குச் சாமான் வாங்கவில்லை, ஒரு தொழிலில் முதல் போடுகிறீர்கள். யாருடைய பெயரில் பதிவு, இலாபம் எப்படிப் பிரிப்பது, மூன்றாம் வருடம் பற்றரி மாற்றும் காசு யாருடையது என்று முதலே எழுதி வையுங்கள். உறவுக்குள் இதைப் பேசக் கூச்சமாக இருக்கும். பிறகு கோபித்துக்கொண்டு கலியாணவீட்டில் முகம் திருப்புவதைவிட அந்தக் கூச்சம் பரவாயில்லை.

## வாடகை ட்ரோன்

ஏக்கர் கணக்கில் காசு கொடுக்கிறீர்கள். பற்றரி, பதிவு, பழுது எல்லாம் ட்ரோன்காரர் பாடு. அரசாங்கம் நாளைக்கு ஒரு மருந்தைத் தடைசெய்தாலும் உங்கள் வீட்டில் இரும்பு கிடக்காது. 5 ஏக்கர், 20 ஏக்கர் அளவில் இருக்கும் பெரும்பாலானோருக்கு இதுவே சரி.

மறைந்திருக்கும் செலவு நேரத்தில் வரும். ஒரு குளத்துத் தண்ணீரில் செய்யும் வயலெல்லாம் ஏறத்தாழ ஒரே கிழமையில் விதைக்கப்படும், ஆகவே களைநாசினியும் எல்லோருக்கும் ஒரே கிழமையில் வேண்டும். முளைத்த பின் அடிக்கும் களைநாசினிக்குக் களையின் இலைப் பருவம் முக்கியம். நாலு நாள் பிந்தினால் மருந்தும் காசும் வீண். கொழும்பில் இருந்து போன் எடுத்துக்கொண்டே இருப்பவரைவிட, வரம்பில் வந்து நிற்கிறவருக்குத்தான் முறை முதலில் வரும். அதனால் வாடகைக்கு எடுப்பவருக்கும் ஊரில் ஒரு ஆள் வேண்டும். மட்டக்களப்புப் பக்கம் முல்லைக்காரர் (வயலோடு நின்று அதைப் பார்த்துக்கொள்பவர்) இருக்கும் காணிகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

இன்னொன்று தாங்கி கழுவுதல். முந்திய நாள் களைநாசினி அடித்த தாங்கியை ஒழுங்காகக் கழுவாமல் மறுநாள் உங்கள் மிளகாய்க்குப் பூச்சி மருந்து ஊற்றினால் மிளகாய் போய்விடும். கண் முன்னால் கழுவச் சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

அறக்கொட்டி மாதிரி ஒன்று திடீரென்று இறங்கினால் வாடகை ட்ரோன் வரும்வரை காத்திருக்க முடியாது. முதுகுத் தாங்கி ஒன்றையும் அதைத் தூக்கக்கூடிய ஒருவரையும் கைவசம் வைத்திருங்கள்.

## தானாகத் திரும்பும் உழவு இயந்திரமும், அதைவிட நல்ல ஒன்றும்

செய்மதி வழிகாட்டலோடு சுக்கானைத் தானே பிடிக்கும் கருவியைப் பழைய நாலு சில்லு உழவு இயந்திரத்திலும் பூட்டலாம். செய்மதி காட்டும் இடத்தின் பிழையைச் சரிசெய்யும் திருத்தச் சமிக்ஞை கிடைத்தால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் துல்லியம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்தக் கருவி காசைத் திருப்பித் தருவது நீண்ட நேர்கோட்டில்தான். கால் ஏக்கர், அரை ஏக்கர் துண்டுகளாக வரம்பு கட்டிய வயலில் ஓடத் தொடங்கியவுடன் திரும்பவேண்டும். மூலைக்கு மூலை எப்படியும் சாரதிதான் வளைக்கிறார். பல நூறு ஏக்கர் உழுது கொடுக்கும் ஒப்பந்தக்காரர் யோசிக்கலாம். காணிக்காரருக்கு வேண்டாம்.

அதே உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டும் லேசர் மட்டப்படுத்தும் கருவியைப் பற்றிக் கொழும்பில் யாரும் என்னிடம் கேட்பதில்லை. கேட்கவேண்டியது அதைத்தான். வயலோரம் ஒரு முக்காலியில் லேசர் சுற்றும், பின்னால் இழுபடும் மண்வாளி அதைப் பார்த்துத் தானே ஏறி இறங்கி மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பும். சாரதி ஓட்டினால் போதும், உயரத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். இதுவும் பாதித் தானியங்கிதான், ஆனால் விளம்பரத்தில் பளபளப்பாகத் தெரியாது.

வயல் மட்டமாக இருந்தால் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். மேட்டில் தண்ணீர் ஏறவேண்டும் என்பதற்காகப் பள்ளத்தைக் குளமாக்கத் தேவையில்லை, ஆகவே தண்ணீர் மிச்சம். களை முதலில் முளைப்பது தண்ணீர் நிற்காத மேட்டில்தான், அதுவும் குறையும். பயிர் ஒரே சீராக முதிரும், வெட்டு மெசின் வரும்போது பச்சை நெல்லும் காய்ந்த நெல்லும் கலக்காது. குளத்தில் பங்குத் தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் இதன் அருமை தெரியும். முக்கியமாக, வேலை முடிந்த பிறகு இதைப் பார்த்துக்கொள்ள யாரும் தேவையில்லை. ஒழுங்காகச் சேறடித்து வந்தால் சில வருடம் நிற்கும்.

குறையும் உண்டு. மேட்டில் ஆழமாக வெட்டினால் வளமான மேல்மண் போய்விடும், முதல் போகத்தில் அந்த இடத்தில் நெல் மஞ்சளாக நிற்கும். கூடுதல் எரு போடவேண்டும். வயல் காய்ந்து கிடக்கும் இடைவெளியில்தான் இந்த வேலை நடக்கும், கருவியும் ஊரெல்லாம் இல்லை. எனவே காலபோகத்துக்கு மாதக்கணக்கில் முன்பே பதியவேண்டும். கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ யாரிடம் கருவி உண்டு என்று கேட்டால் வழி கிடைக்கும்.

## தானியங்கி நீர்ப்பாசனம்

இது நெல்லுக்கு அல்ல. யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணி, மிளகாய், வெங்காயம், பப்பாசி, மாமரம் வைத்திருப்பவர்களுக்கு. ஈர உணரி, வால்வு, போனில் ஓடும் மோட்டர். உண்மையிலேயே கொழும்பில் இருந்து செய்யக்கூடிய தானியங்கி வேலை இது ஒன்றுதான். சாமானும் கைக்கு எட்டும். குழாய், இணைப்பு, பம்பி உதிரிப்பாகம் பழைய சோனகத் தெருவில் வாங்கி இரவு பஸ்ஸில் போட்டுவிட்டால் விடிய ஊரில் இறங்கிவிடும். ட்ரோனின் மோட்டர் போனால் அந்த வசதி கிடையாது.

இரண்டு பொறி இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளால் வருவது. சொட்டுக் குழாயின் நுண்துளைகளில் சுண்ணாம்பு படிந்து அடைக்கும். வடிகட்டி மட்டும் போதாது, இடைக்கிடை அமிலம் கலந்து ஓடவிட்டுக் கழுவவேண்டும், அதற்கு ஒருவர் வரவேண்டும். மற்றது அதைவிடப் பெரிது. குடாநாட்டுக் கிணறுகளில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். கிணற்றடியில் நிற்கிற விவசாயி தண்ணீர் மட்டத்தைப் பார்த்து நிறுத்துவார். கொழும்பில் லிப்ற்றுக்குள் நின்று பொத்தானை அழுத்துகிறவருக்குக் கிணறு தெரியாது. ஆகவே நீர்மட்டம் குறைந்தால் மோட்டரைத் தானே நிறுத்தும் உணரி இல்லாத தொகுதியை வாங்கவே வேண்டாம். அது மோட்டரையும் எரியாமல் காக்கும்.

நெற்காணியில் வேறு பயிர் வைத்து இதைப் பூட்ட நினைப்பவர்கள் முதலில் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளவும்.

## களையெடுக்கும் ரோபோ

இப்போதைக்கு வேண்டாம். ஐரோப்பாவில் ஓடும் களை ரோபோக்கள் வரிசைப் பயிருக்கானவை, வரிசைக்கு இடையில்தான் அவை நடக்கும். எங்கள் நெல் பெரும்பாலும் வீசி விதைத்தது, அதில் வரிசையே இல்லை. களையாக முளைக்கும் பன்றிநெல்லை நெல்லிலிருந்து பிரித்தறிய, கதிர் வரும்வரை அனுபவசாலிகளே திணறுகிறார்கள். யப்பானில் 2023இல் விற்பனைக்கு வந்த ஐகமோ ரோபோ சூரிய ஒளியில் ஓடி, வயலில் மிதந்தபடி சேற்றைக் கலக்கிக் களையை முளைக்கவிடாமல் செய்கிறது. நல்ல யோசனை. ஆனால் அதற்கு நாற்று நட்ட, மட்டமான, தண்ணீர் நிற்கும் வயல் வேண்டும். வன்னியின் புழுதி விதைப்பில் களையும் நெல்லும் சேர்ந்தே முளைக்கும். இத்துறையில் கடையை மூடிய நிறுவனங்களும் உண்டு. அப்பிள் பறிக்கும் ரோபோ செய்த அபண்டன்ற் ரொபோட்டிக்ஸ் 2021இல் மூடப்பட்டது. வாங்கிய பிறகு நிறுவனம் போனால் மென்பொருளும் போய்விடும்.

## ஒரே பார்வையில்

| தெரிவு | ஊரில் ஆள் வேண்டுமா | மறைந்த செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| சொந்த ட்ரோன் | கட்டாயம், பயிற்சி பெற்றவர் | பற்றரி, ஜெனரேற்றர், சும்மா கிடக்கும் நாட்கள் | ஊரில் கூலிக்கு அடிக்கும் தொழிலாகச் செய்பவருக்கு |
| வாடகை ட்ரோன் | முறை பிடிக்கவும் மேற்பார்க்கவும் ஒருவர் | பிந்தினால் வீணாகும் மருந்து | பெரும்பாலான நெற்காணிக்காரருக்கு |
| சுக்கான் கருவி | சாரதி | சிறு துண்டுகளில் பயன் இல்லை | பெரிய உழவு ஒப்பந்தக்காரருக்கு |
| லேசர் மட்டப்படுத்தல் (வாடகை) | அந்தச் சில நாள் மட்டும் | மேல்மண், கூடுதல் எரு | மேடுபள்ளமான நெல்வயலுக்கு |
| தானியங்கி நீர் | இடைக்கிடை | சுண்ணாம்பு அடைப்பு, உவர் | தோட்டப் பயிருக்கு |
| களை ரோபோ | ஆம் | விதைப்பு முறையையே மாற்றவேண்டும் | இப்போதைக்கு யாருக்கும் இல்லை |

## ஊரில் யாருமே இல்லை என்றால்

அப்படியானால் இந்த அட்டவணையை, உங்கள் வயலைக் குத்தகைக்கு எடுப்பவரிடம் கொடுங்கள், இயந்திரத்தை அவர் பார்த்துக்கொள்வார். மட்டப்படுத்தும் செலவை மட்டும் நீங்கள் போட்டு, அதைக் குத்தகைத் தொகையில் பேசிக்கொள்ளலாம். குத்தகைக்காரருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தைத் தெரிந்த ஒருவரிடம் பத்திரத்தைக் காட்டிவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

வாடகை ட்ரோனுக்குப் போகிறவர்கள் முற்பணம் கொடுக்கும் முன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: பதிவும் அனுமதியும் யார் பெயரில், எந்த மருந்து, ஏக்கருக்கு எவ்வளவு, பறந்த பாதையின் பதிவை வட்ஸ்அப்பில் அனுப்புவார்களா (இது அவர்களுடைய செயலியிலேயே இருக்கிறது, மறுக்கக் காரணம் இல்லை), காற்று கூடினால் நிறுத்தி மறுநாள் வருவார்களா, அதற்குத் தனிக் காசா, மருந்து பக்கத்துக் காணிக்குப் போய்ப் பயிர் கருகினால் நட்டஈடு யார் பாடு. கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் நடக்காது அண்ணை" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.